மெழுகில் வராத விசில்

ஜனவரி 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

போதும். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

உன் கடைசி மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் போடாததற்கு வேலைப் பளு காரணமில்லை, ரத்த அழுத்தமும் காரணமில்லை. மாத்திரை போடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். மூன்றிலும் நீ எழுதிய கடைசி வரிதான் காரணம்: "கடவுள் உன்னை மறக்கல, நீயும் மறந்துடாதே." இதற்கு மனுஷன் என்ன பதில் எழுதுவது?

ஒரே ஒருமுறை எழுதிவிடுகிறேன், மறுபடி கேட்காதே. பதினோரு வருடத்துக்கு முன்பு ஜெபக்கூடத்தில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தேன். அது என் முறை. என் மனைவி வீட்டை விட்டுப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. பாதி வாக்கியத்தில் போதகர் எழுந்து வந்தார். என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி மூடினார். "வீட்டை நடத்தத் தெரியாதவர் வேதத்தை வாசிக்க வேண்டாம்." நூற்றிருபது பேர் முன்னால். நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய். நீயும் எழுந்திருக்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

அந்த வாயில் முன்பல் இரண்டும் என் கைவேலை. சைக்கிளிலிருந்து விழுந்து முகமெல்லாம் வீங்கி வந்தவருக்கு, அப்போதுதான் பல் கட்டும் தொழில் கற்ற நான் செய்துகொடுத்தது. அந்தப் பல்லாலேயே என்னைக் கடித்தார்.

ஆகவே இனி உன் கடிதங்களில் ஜெபக்கூடம் வரக்கூடாது, போதகர் வரக்கூடாது, கடவுளும் வரக்கூடாது. மற்ற எதை வேண்டுமானாலும் எழுது. மாப்பிள்ளையின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறவேண்டாம் என்று சொல். சொன்னால் கேட்கிற ஜாதியில்லை, தெரியும். இருந்தாலும் சொல்.

உன் அண்ணன்

*

ஜனவரி 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலமா? உன் மூன்று தடையுத்தரவுகளும் கிடைத்தன. உன் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் கடிதம் எழுதினா கோர்ட்டுல இருந்து நோட்டீஸ் வந்த மாதிரியே இருக்கு" என்கிறார். முழங்கால் பரவாயில்லை. மாடிக்குத் தினமும் இரண்டு தடவை ஏறுகிறார், என்னிடம் திட்டு வாங்குவதற்காகவே.

மூன்றாவது வரிசையைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் இன்னொரு நாள்.

இப்போது ஒரு உதவி. எங்கள் பல் ஆஸ்பத்திரிக்கு ஒரு வயதான மனிதர் வந்தார். இருந்த பற்கள் எல்லாம் ஆடி, டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். இப்போது பொக்கை. பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. தெளிவாகப் பேசியே ஆகவேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்கிறார். நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் இடத்தில் செய்து வருகிற பல் செட், குதிரைக்கு மாட்ட வேண்டியதை மனுஷனுக்கு மாட்டினது போல இருக்கும். உனக்கே தெரியும், நீயே சிரித்திருக்கிறாய்.

"எங்க அண்ணன் செஞ்சா வாயிலயே முளைச்ச மாதிரி இருக்கும்" என்று டாக்டரம்மாவிடம் பெருமை அடித்துவிட்டேன். மானத்தைக் காப்பாற்று. மேல்தாடை, கீழ்தாடை பிளாஸ்டர் அச்சு இரண்டையும் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உப்பைக் குறை.

உன் வாலு

*

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அச்சுகள் உடையாமல் வந்தன. நீ சுற்றிய பஞ்சில் ஒரு மெத்தையே தைக்கலாம்.

மேல்தாடை அச்சை ஜன்னலோரம் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மேலண்ணத்தில், முன்பல் இருக்கும் இடத்துக்குப் பின்னால், தோலில் குறுக்கு மடிப்புகள் இருக்கும். நாக்கால் தடவிப் பார், உனக்கும் உண்டு. அது கைரேகை மாதிரி. ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது, வயதானாலும் பெரிதாக மாறாது. பல் போகும், மடிப்பு போகாது. ஒருமுறை வேலை செய்த வாயை என் தொழிலில் இருப்பவன் மறப்பதில்லை.

அந்தப் பெரியவர் யார் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

பற்களை மெழுகில் அடுக்கி அனுப்புகிறேன். டாக்டரம்மா வாயில் வைத்துப் பார்க்கட்டும். அவரை எதையாவது உரக்க வாசிக்கச் சொல். 'ச' வருகிற இடத்தில் காற்று பிசகுகிறதா, 'ப' வருகிற இடத்தில் உதடு சேருகிறதா என்று நீயே கேட்டு எழுது. மெழுகில் இருக்கும்போது எதையும் மாற்றலாம். அதன்பிறகு கல்லில் எழுதியது மாதிரிதான்.

முதுகுவலிக்குத் தைலம் போட்டாயா?

அண்ணன்

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணா, நீ மனுஷனே இல்லை! மெழுகுச் செட்டை வாயில் வைத்ததும் டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்க அண்ணனை ஏன் இத்தனை நாள் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். பெரியவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரோ என்னவோ, கைக்குட்டை பெரிதாக இருந்ததால் தெரியவில்லை.

நீ சொன்னபடி வாசிக்கச் சொன்னேன். சுவரில் மாட்டியிருக்கும் பல் துலக்கும் முறையை வாசிக்கச் சொன்னால், "இனிமே எதுக்கும்மா எனக்கு அது" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். என்ன புத்தகம் என்று எழுத உன் தடையுத்தரவு இடம் கொடுக்கவில்லை. ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து, அதுவும் பாதி வாக்கியத்திலிருந்து தொடங்கினார். டாக்டரம்மா, "ஆரம்பத்துல இருந்து வாசிங்க ஐயா" என்றார். "ஆரம்பம் ஏற்கெனவே வாசிச்சாச்சும்மா. மீதிதான் பாக்கி" என்றார்.

'ச' சுத்தம். 'ப' சுத்தம். ஒரு விசில் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. மணி அடித்தது போல இருந்தது. காத்திருந்த நோயாளிகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஒன்றையும் மாற்றாதே. அப்படியே செய்து அனுப்பு. என் முதுகு எழுதுகிற அளவுக்கு இல்லை. நீ கண்ணைப் பார்த்துக்கொள், ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அரைக்காதே.

உன் வாலு

*

மார்ச் 15

தங்கச்சிக்கு,

பல் செட் இத்துடன் வருகிறது. இரவில் கழற்றித் தண்ணீரில் போடச் சொல். வெந்நீர் கூடாது.

வேலை நெருக்கடி. பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அது? மருந்துச் சீட்டுகூட அதைவிட நீளமாக இருக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பல் செட்டை வாங்கிக்கொண்டார். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. ஆனால் வாயில் வைத்துப் பேசினால் ஒரு விசில் வருகிறது அண்ணா. ஒவ்வொரு 'ச'வுக்கும். "சந்தோசம்" என்று சொன்னார், குக்கர் மாதிரி இரண்டு தடவை விசில் அடித்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார்.

டாக்டரம்மா உள்ளேயும் வெளியேயும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெழுகுல இந்த விசில் வரலையே" என்று இரண்டு முறை சொன்னார். மறுபடி அனுப்பலாமா என்று கேட்டதற்கு அந்தப் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "செஞ்சவர் கையில குறை இருக்காதும்மா. என் வாய்தான் பழசு. பழகிடும்."

யார் செய்தது என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். இவர் கேட்காமல் இருப்பது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

மெழுகிலிருந்து கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாற்றும்போது அப்படி ஆவது உண்டா? தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். வேறொன்றும் இல்லை.

உன் மாப்பிள்ளை விசாரித்தார். இந்த முறை முழங்கால் இல்லை, தோள்பட்டை. ஏணியில் ஏறினாராம்.

உன் வாலு

*

மே 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் எழுதி ஏழு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ பல் செய்கிற பட்டறைக்குப் போன் போட்டேன், வேலைக்கு வருகிறாய் என்றார்கள். உயிரோடு இருக்கிறாய், எழுத மனமில்லை, அவ்வளவுதான். சரி.

இன்றைக்கு உன் தடையுத்தரவு மூன்றையும் மீறப் போகிறேன். கோபித்துக்கொள்வதானால் முழுதும் வாசித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

அந்தப் பெரியவர் நம் போதகர்தான்.

நீ கூடத்தை விட்டுப் போன பிறகு, உன் கையில் பாதியில் நின்ற அந்தப் பக்கத்தை அவர் யாரையும் வாசிக்க விடவில்லை. வருடாவருடம் வாசிப்பு அந்த இடத்துக்கு வரும். அவரே எழுந்து போய்ப் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கம் வாசித்து முடிகிற நேரம் வரைக்கும் பேசாமல் நிற்பார். பிறகு அடுத்த பக்கத்திலிருந்து வேறொருவர் தொடங்குவார். பதினோரு வருடம். புதிதாக வருகிறவர்கள் ஏதோ மௌனப் பிரார்த்தனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உனக்கு எழுத நினைத்து எத்தனை கடிதம் கிழித்தேன் தெரியுமா? கூடத்தின் பெயரை எடுத்தாலே நீ ஆறு மாதம் காணாமல் போய்விடுகிறாய்.

போன வாரம் அந்த நாள் வந்தது. இந்தமுறை நின்றவர் பேசினார். அதற்காகத்தான் அவருக்குப் பல் வேண்டியிருந்தது. உளறலாகச் சொல்லக்கூடாது, ஒவ்வொரு எழுத்தும் எல்லோர் காதிலும் விழவேண்டும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னாராம்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இந்த இடத்துல ஒருத்தர் கையில இருந்து புத்தகத்தைப் புடுங்கினேன். கடவுள் சொல்லித்தான் செஞ்சேன்னு நினைச்சேன். கடவுள் சொல்லல. அந்த வாரம் என் சொந்தப் பையன் சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போயிருந்தான். அதை மறைக்கறதுக்கு நான் இன்னொருத்தர் வீட்டைக் காட்டினேன்."

இவ்வளவுதான் சொன்னார். இதில் எத்தனை 'ச' இருக்கிறது என்று எண்ணிப் பார். ஒவ்வொன்றுக்கும் விசில். முன்வரிசைப் பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள், அப்புறம் பொத்த முடியவில்லை. பெரியவர்களும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். அவர் நிறுத்தினார். "சிரிங்கடா. தப்பை ஒத்துக்கறவன் ராகம் போட்டா சொல்ல முடியும்?" என்று தானும் சிரித்தார். சிரித்தபடியே உட்கார்ந்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், அதில் ரத்தம்.

டாக்டரம்மா பார்த்தபோது ஈறில் புண், ஆழமாக. பல் செட்டின் உள்பக்கத்தில் கடுகளவு ஒரு மேடு, வழிக்காமல் விட்டிருந்தது. ஆறு வாரமாகக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். "ஏன் ஐயா சொல்லல?" என்றால், "இது எனக்கு வரவேண்டியதும்மா" என்கிறார். மேட்டை டாக்டரம்மாவே அரைத்து எடுத்துவிட்டார். விசிலை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டேன். பதில் மட்டும் போடு அண்ணா.

உன் வாலு

*

ஜூன் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ கேட்காமல் விட்டதற்குப் பதில்: ஆம்.

பஞ்சைப் பிரித்து அச்சை வெளியே எடுத்ததுமே தெரிந்துவிட்டது. அந்த மடிப்புகளின் மேல்தான் என் முதல் பற்களை உட்காரவைத்தேன். இருந்தும் மெழுகில் நேர்மையாகத்தான் அடுக்கினேன். அதுவரை என்னைக் குறைசொல்ல முடியாது. "பார், உனக்கு நான் எப்படிச் செய்துகொடுக்கிறேன்" என்று அவருக்குக் காட்டவேண்டும் போலிருந்தது. அது அன்பில்லை, தெரியும். இருந்தாலும் வேலை சுத்தம்.

பிறகு உன் மார்ச் மாதக் கடிதம் வந்தது. மீதிதான் பாக்கி என்றாராமே. எனக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. பிடுங்கியது போதாதென்று, நான் வாசிக்காமல் விட்ட பாதியையும், நான் செய்த பல்லாலேயே வாசிக்கிறார் என்று நினைத்தேன். முன்பற்களுக்குப் பின்னால், நாக்கு போய்த் தொடுகிற இடத்தில், ஒரு சின்னப் பள்ளம் தோண்டினேன். கண்ணுக்குத் தெரியாது, காற்றுக்குத் தெரியும். உள்பக்கத்து மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். வழிக்கவேண்டும் என்று தெரிந்தது. வழிக்காமல் பாலிஷ் போட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கடவுளை விட்டுவிட்டேன் என்று நீ நினைத்திருக்கிறாய். விடவில்லை. மனுஷனைத்தான் விட்டேன். இந்தப் பதினோரு வருடத்தில் ஒருநாள்கூடத் தவறாமல், காலையில் அரைக்கும் இயந்திரத்தைப் போடுவதற்கு முன்னால், மேசையில் கைவைத்து ஜெபித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். ஜெபக்கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வேஷக்காரர்கள், நான் ஒருவன்தான் கடவுளுக்கு உண்மையாக இருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

அந்தப் பள்ளத்தைத் தோண்டிய அன்று காலையிலும் ஜெபித்தேன் வாலு. வழக்கத்தைவிட நீளமாக.

பதினோரு வருடம் நான் எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேனோ, அதைக் கடைசியில் அவர் சொன்னபோது நூற்றிருபது பேரைச் சிரிக்கவைத்தது என் கை. என்னிடம் கேட்ட மன்னிப்புக்கு நானே விசில் வைத்துக்கொடுத்தேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

அச்சு என்னிடம்தான் இருக்கிறது. வேறு செட் செய்கிறேன்.

என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் எழுதிவிடு. உன் முதுகுக்கு அந்தத் தைலம் போதாது, டாக்டரைப் பார்.

அண்ணன்

*

ஜூன் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். நீதான் செய்தாய் என்று எனக்கு முன்பே தெரியும். "மெழுகுல வரலையே" என்று டாக்டரம்மா சொன்ன அன்றே தெரியும். ஏழு வாரம் நீ வாயைத் திறக்காதபோது நன்றாகவே தெரியும். நீ சின்ன வயதில் என் பொம்மையின் கையை ஒடித்தபோதும் இப்படித்தான், மூன்று நாள் என் பக்கமே வரவில்லை.

அச்சைப் பார்த்ததும் கண்டுபிடிப்பாய் என்று தெரிந்தேதான் பெயரை எழுதாமல் அனுப்பினேன். உன் மனது கோபப்பட்டாலும் உன் கை பொய் சொல்லாது என்று நம்பினேன். கை ஏமாற்றிவிட்டது. அதற்கென்ன? என் கால் உன்னை அதற்கு முன்பே ஏமாற்றியிருக்கிறது. அன்றைக்கு மூன்றாவது வரிசையில் எழுந்திருக்கத்தான் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி உன் மாப்பிள்ளைக்கு, எழுந்திருக்காதது நான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வாரமும் அதே வரிசையில்தான் உட்காருகிறேன். நல்லவர்கள் மட்டும்தான் அங்கே வரலாம் என்றால் கதவைத் திறக்கவே ஆள் இருக்காது அண்ணா.

பல்லை அனுப்பு. அவருக்கு ஒரு வரி எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

நீ தினமும் ஜெபிக்கிறாய் என்று வாசித்ததும் உன் மாப்பிள்ளையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அதான் அவர் இன்னும் யாரையும் அடிக்காம இருக்காரு" என்றார்.

உன் வாலு

*

ஜூலை 4

மதிப்பிற்குரிய போதகருக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஈறுப் புண் ஆறிவிட்டதாக என் தங்கை எழுதியிருந்தாள்.

புதுப் பல் செட் இத்துடன் இருக்கிறது. பழையதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அதிலிருந்த விசிலும் மேடும் கைப்பிசகு அல்ல. தெரிந்து செய்தது. அது உங்களுக்கு வரவேண்டியது என்று சொன்னீர்களாம். இல்லை. உங்களுக்கு வரவேண்டியதை முடிவு செய்ய என்னை யாரும் நியமிக்கவில்லை. என் வீட்டைப் பற்றி முடிவு சொல்ல உங்களையும் யாரும் நியமிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாம் இருவரும் ஒரே வாயின் மேல்தாடையும் கீழ்தாடையும்.

உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். பதினோரு வருடக் கோபம் பல் மாதிரி, ஒரே நாளில் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஆடிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியும். உங்கள் பையன் திரும்பி வந்தானா என்று தங்கை எழுதவில்லை. வரவேண்டும் என்று இந்த மூன்று வாரமாகக் காலையில் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்காகக் கேட்க இன்னும் வரவில்லை, அவனுக்காகக் கேட்க வருகிறது. கடவுள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வாரா என்பதை உங்களைப் போன்றவர்கள்தான் சொல்லவேண்டும்.

நான் அவருக்கு உண்மையாக இருந்தேன் என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அவர்தான் எனக்கு உண்மையாக இருந்திருக்கிறார் போலிருக்கிறது. பள்ளம் தோண்டிய மறுநாள் காலையிலும், ஒன்றும் நடக்காதது போல, நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தச் செட்டை மெழுகில் ஐந்துமுறை கலைத்து அடுக்கினேன். இந்தமுறை உங்கள் வாயில் வைத்துச் சோதிக்க வழியில்லை. ஆனால் அடுக்கும்போது அந்தப் பக்கத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே அடுக்கினேன், எங்கெங்கே 'ச' வருகிறது என்று பார்க்க. ஆரம்பத்திலிருந்து, நீங்கள் நிறுத்திய இடம் வரைக்கும். அதற்கு மேல் நான் போகவில்லை. மீதியை நீங்கள் தினமும் வாசிப்பதாக நினைக்கிறேன். வாசியுங்கள். ஆனால் கூடத்தில் வேண்டாம். அந்தப் பக்கம் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்.

உள்பக்கம் முழுவதும் விரலால் மூன்றுமுறை தடவிப் பார்த்துவிட்டேன். கடுகு என்ன, மணல் அளவுகூட மேடு கிடையாது. நீங்களும் தடவிப் பாருங்கள், என்னை நம்பவேண்டாம். முதல் வாரம் மென்மையானதாகச் சாப்பிடுங்கள். வலித்தால் வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவை இரண்டுமுறை எடுத்தேன், இரண்டுமுறையும் கீழே வைத்தேன். யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வாய்க்கு என் கையைத் தெரியும். பயந்து விட்டதாக நினைக்கவேண்டாம். பாதி வாக்கியத்தில் நிற்கிறவனுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. அந்த வாக்கியத்தை நான் முடிக்கிற அன்று, முடிக்கிற இடத்தில் போட்டுக்கொள்ளலாம். உறையை ஒட்டப் போகிறேன். இப்படியே, பெயரில்லாமலே போகட்டும்.